பக்கத்து சீட்டின் பிரேக்

ஜூலை 6

இது யார் கையிலாவது கிடைத்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடிவிடுங்கள். மூட முடியாவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடம். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். "உங்க பொண்ணு என்னமோ எழுதி வெச்சிருக்குதுங்க" என்று பாசத்தோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அம்மா மாவு கரைத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அப்பா குறட்டை. நான் கெமிஸ்ட்ரி படிப்பதாக விளக்கு எரிகிறது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. நான்காம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடம் போய்விட்டதால் பிளஸ் டூவில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவள். அப்பா இந்தத் தேதியை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். "ரெண்டாந்தேதி எல்.எல்.ஆர் போடறோம். மூணாந்தேதி என்ற பொண்ணு ஸ்டேரிங்கப் புடிக்கறா. பசங்க பிச்சை வாங்கோணும்."

இன்று சாப்பிடும்போது நான் சொல்லிவிட்டேன்.

"நான் ஆட்டோமேட்டிக்ல கத்துக்கறனுங்ப்பா."

அப்பாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆட்டோமேட்டிக்கா? அது வண்டியா கண்ணு? அது மிக்ஸி. திருப்புனா சுத்தும், விட்டா நிக்கும். சட்னி அரைக்கறதுக்கு லைசென்ஸ் எதுக்கு?"

அம்மா சிரிக்கவில்லை.

"நம்மகிட்ட கியர் வண்டி மட்டுந்தான இருக்குது, எதுல கத்துக்குவ?"

"சத்தி ரோட்டுல ரஞ்சித் அண்ணன் புதுசா ஆரம்பிச்சிருக்காருங்களே. அங்க இருக்குது."

அப்பா கையை உதறினார். "நல்லசிவத்தோட பொண்ணு ரஞ்சித்துகிட்டப் போயிக் கத்துக்கறாளாமா! அவனே என்றகிட்டக் கத்துக்கிட்டவன். ஏன் கண்ணு, என்ன ஆச்சு உனக்கு?"

"கிளட்சு விடறதுக்குப் பயமா இருக்குதுங்ப்பா."

பயம் என்பது உண்மை. எதைப் பார்த்துப் பயம் என்பதை மட்டும் மாற்றிச் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல்காரர் மகள் கிளட்சுக்குப் பயப்படுகிறாள் என்று நாளைக்கு ஊரெல்லாம் சிரிக்கும். சிரிக்கட்டும். இந்த வெட்கம் பரவாயில்லை. இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது.

ஜூலை 8

காலையில் வகுப்புக்குப் போனேன். பள்ளிக்கூட வகுப்பு இல்லை, கார் வகுப்பு. அப்பாவிடம் பெண்கள் கற்றுக்கொள்ள வந்தால் நானோ அம்மாவோ பின்சீட்டில் ஏறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் 'துணை'. விடியற்காலையில் ஒரு பெண் வேற்று ஆணோடு காரில் போனால் ஊர் சும்மா இருக்காது. "துணைக்கு என்ற பொண்ணு வருவா" என்று அப்பா சொன்னால்தான் புருஷன்மார்கள் அனுப்புகிறார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து நான் துணை. பின்சீட்டில் உட்கார்ந்து திருக்குறள் மனப்பாடம் செய்திருக்கிறேன், ஒரு தடவை சுடிதாருக்குக் கொக்கி தைத்திருக்கிறேன்.

அப்பா பேசுவது எல்லாம் எனக்கு அத்துப்படி. "கிளட்சு கோழிக்குஞ்சு மாதிரி. நசுக்கவும் கூடாது, விட்டுடவும் கூடாது." "கண்ணாடியப் பாருங்க மேடம், முகத்த இல்ல, ரோட்ட." எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவரும் முதல் தடவை கேட்டது போலச் சிரிப்பார்கள்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லித்தருகிறவர் அழுத்தி நிறுத்திவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் யாரும் ஸ்டேரிங்கையே தொடுகிறார்கள். அப்பா எங்கேயோ பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார், கால் மட்டும் தானாக வேலை செய்யும்.

செய்துகொண்டிருந்தது.

வாய்க்கால் பாலத்தில் நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஜூலை 9

இன்றும் எழுதமாட்டேன். கெமிஸ்ட்ரி டெஸ்ட் சுமார்.

ஜூலை 13

சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. இடது காலில் இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா குனிந்து பார்த்தார். நிஜமாகவே அப்போதுதான் பார்த்தார். பிறகு சிரித்தார். "கோயில் வாசல்ல ஒண்ணக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டனாட்டம்!"

தெருமுனையில் போய்ப் பார்த்தேன். சாக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கேயிருந்து வீடு வரைக்கும் ஜல்லி போட்ட ரோடு. வெறுங்காலோடு நடந்திருக்கிறார். ஜல்லி குத்தியிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு சர்க்கரை ரொம்ப வருடமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார். டீயில் சர்க்கரையும் சாப்பிடுகிறார்.

ராத்திரி அம்மா அவருடைய பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதுங்களா?" "எங்க?" என்றார் அப்பா. அம்மா பஞ்சில் இருந்த ரத்தத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

ஜூலை 15

அம்மா அப்பாவுக்குப் பின்னால் பட்டை வைத்த செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். "எல்.கே.ஜி பையனாட்டம் இருக்குது" என்று அப்பா கேலி செய்தார், ஆனால் போட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னாள். இனிமேல் ஆண்கள் வகுப்புக்கும் நான் பின்சீட்டில் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.

"ஆம்பளைங்களுக்கு எதுக்கும்மா துணை?"

"சும்மா ஏறிக்க. நடுவுல உக்காரு."

"நடுவுல எதுக்கு?"

"நடுவுலதான் காத்து வரும்."

நடுவில் காற்று வராது. நடுவில் உட்கார்ந்தால் ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டும். அம்மாவுக்கு ஹேண்ட் பிரேக் என்றால் என்னவென்று தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. காற்றுக்காகத்தான் சொல்லியிருப்பாள்.

ஜூலை 17

இன்று கோகிலவாணி அக்காவைப் பார்த்துவிட்டேன். பார்க்கக்கூடாது என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் மரம் நடும் விழா. நாற்றுகள் வந்தது அக்காவின் நாற்றுப் பண்ணையிலிருந்துதான். வாடகை ஆட்டோவில் கொண்டுவந்து, அக்காவே ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது. அவர்களுடைய மினிவேன் சும்மா நிற்கிறது. அதை ஓட்டத்தான் அக்கா எங்கள் அப்பாவிடம் வந்தார். ஜூன் மாதம் வரைக்கும் வந்தார்.

புங்கங்கன்றுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார்.

"ஏங்கண்ணு, பாக்காத மாதிரி போற?"

"இல்லீங்க்கா."

"ஆட்டோமேட்டிக் கத்துக்கப் போறயாமா? உங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரு."

"ஆமாங்க்கா."

"நானும் போயிப் பாத்தேன் சாமி. உங்க அப்பா சொன்னாருல்ல, உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் செட் ஆகும்னு. ரஞ்சித்துகிட்ட நாலு நாள் போனேன். நல்லா ஓட்டுனேன். ஆனா அத ஓட்டி என்ன பண்ண? எங்க வேன் கியரு வண்டி. ஆட்டோமேட்டிக்ல நாத்து லோடு அடிக்கற வேன் இருந்தாச் சொல்லு, வாங்கிக்கறேன்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "என்ற ஊட்டுக்காரரு வேன வித்துடலாங்கறாரு. உனக்குக் கை வராது, மனசத் தளர விட்டுக்காதேங்கறாரு. நல்லதுக்குத்தான் சொல்றாரு."

என் கையைப் பிடித்தார். மண் ஒட்டிய கை.

"கண்ணு, நீ பின்னாடி இருந்து பாத்ததான? நெசமா நான் பிரேக்க விட்டுட்டனா? என்ற காலுல நான் அமுத்துன மாதிரியேதான் இருக்குது. தூக்கத்துலகூட அமுத்திட்டுத்தான் இருக்கேன். ஆனா எல்லாரும் விட்டுட்டேங்கறாங்க. நீயும் சொன்ன. அப்ப என்ற காலையே என்னால நம்ப முடியல பாரு."

பெல் அடித்தது.

"பெல் அடிச்சிருச்சுங்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அது பிரேயர் பெல்கூட இல்லை. தண்ணீர் குடிக்கிற பெல்.

ஜூலை 18

எழுதுகிறேன். எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

பள்ளி திறந்த வாரம். காலையில் கோகிலவாணி அக்காவுக்கு வகுப்பு, நான் துணை. வாய்க்கால் பாலத்து மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகுகிற நாள். கியர் வண்டியில் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். மேட்டில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது கிளட்சைச் சரியாக விடாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும், வண்டி பின்னால் உருளும். ஆனால் அப்பா பக்கத்தில் இருக்கும்போது யாருடைய வண்டியும் உருண்டதில்லை. ஒரு ஜாண் போவதற்குள் அப்பாவின் பிரேக் பிடித்துவிடும். "பயப்படாதீங்க, உங்களுக்கு ரெண்டு கால், எனக்கு ரெண்டு கால், வண்டிக்கு நாலு காலு" என்பார்.

பாலத்துக்குப் பக்கச் சுவர் பாதிதான். மீதி இடத்தில் வாய்க்கால் திறந்து கிடக்கிறது. அந்த வாரம்தான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்.

எஞ்சின் நின்றது. வண்டி உருள ஆரம்பித்தது. அக்கா "அண்ணா, அண்ணா" என்றார். அப்பா "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்றார். வண்டி நிற்கவில்லை.

நான் முன்னால் சாய்ந்து பார்த்தேன். அப்பாவின் வலது கால் பிரேக்கில் இல்லை. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில், தரையில் இருந்தது. அந்தத் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து. இடது கால் கிளட்சை முழுசாக மிதித்திருந்தது. அதனால் வண்டி இன்னும் வேகமாகப் போனது. அக்காவின் கால் பிரேக்கில்தான் இருந்தது, ஆனால் பதற்றத்தில் ஓரமாக வைத்திருந்ததால் பாதிதான் பிடித்தது. முழுசாக விடவில்லை. விடவே இல்லை.

பின்னால் ரங்கண்ணன் பால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி வந்தார். ஹேண்ட் பிரேக் என் முழங்காலுக்கு நேராக இருந்தது. நான் கையை நீட்டவில்லை. என் கை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை இழுத்தது கோகிலவாணி அக்கா. ஸ்டேரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தார். பதற்றத்தில் அது அவருக்கே தெரிந்திருக்காது. சைக்கிளைத் தட்டிவிட்டு வண்டி நின்றது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால்.

ரங்கண்ணனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. பால் எல்லாம் சரிவில் ஓடியது. ஆட்கள் கூடிவிட்டார்கள். ரங்கண்ணன் அக்காவைத்தான் திட்டினார். "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை? உங்க உசுரோட வேணும்னா நீங்க வெளையாடுங்க."

அப்பா இறங்கினார். "டென்ஷன் ஆயிட்டாங்க, பிரேக்க விட்டுட்டாங்க. நான் இந்தப் பக்கம் புடிச்சும் நிக்கல" என்றார். அப்பா பொய் சொல்லவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். பிடித்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா "நான் விடலீங்களே அண்ணா" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பின்னாடி இருந்து பாத்தயே கண்ணு. மேடம் விட்டுட்டாங்கல்ல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பாவின் கால் பிரேக்கில் இல்லை என்று சொன்னால் அவ்வளவுதான். நாளையிலிருந்து யார் வருவார்கள்? அவருக்கு வேறு என்ன தெரியும்? இதெல்லாம் யோசித்தேனா என்றுகூடத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஆமா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. சின்னப் பெண் பொய் சொல்லாது என்று நம்பிவிட்டார்.

"உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் மேடம் செட் ஆகும்" என்று அப்பா அன்பாகச் சொன்னார்.

ஜூலை 19

மழை. யூனிஃபார்ம் காயவில்லை. அதைத் தவிர ஒன்றுமில்லை.

ஜூலை 22

இன்று வகுப்பில் ஒரு காலேஜ் பையன், பெயர் சஞ்சீவ். ஆண் வகுப்புக்கும் நான் ஏறிக்கொண்டதால் அவனுக்கு ஒரே கூச்சம். தலைமுடியைக் கோதிக்கொண்டே ஓட்டினான். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அப்பாவின் கால் மேலே எழுந்து எங்கேயோ இறங்கியது. எங்கே இறங்கியது என்று பார்ப்பதற்குள் நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டி துள்ளி நின்றது. சஞ்சீவ் ஸ்டேரிங்கில் மோதிக்கொண்டான். ஆடு போய்விட்டது.

"யாரு உன்னக் கைய வெக்கச் சொன்னது?" அப்பா கத்தினார். "ஓடற வண்டியில ஹேண்ட் பிரேக்க இழுப்பாங்களா? நீ டிரைவிங் ஸ்கூல்காரன் பொண்ணா, வேற என்ன?"

"தெரியாமக் கை பட்டிருச்சுங்ப்பா."

சஞ்சீவ் சிரித்தான். "ஆட்டோமேட்டிக்ல ஹேண்ட் பிரேக் பட்டனுங்க அங்கிள். சிஸ்டருக்கு அதான் கரெக்ட்."

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். சொல்லித்தருகிறவருக்கென்று தனியாக ஒட்டிய சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் அவர் கண்ணும் என் கண்ணும் பார்த்துக்கொண்டன. நான்தான் முதலில் கீழே பார்த்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா கோழிக்குஞ்சு பற்றிக்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 26

அப்பா மூன்று வேளையும் மாத்திரை சாப்பிடுகிறார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். அம்மா "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமுங்களா?" என்றாள். "போனா என்ன சொல்லுவான்? வண்டி ஓட்டாதீங்கம்பான். அதுக்குப் போவோணுமா?" என்றார்.

வகுப்புகள் நடக்கின்றன. நான் நடுவில் உட்காருகிறேன்.

ஜூலை 29

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

அப்பா ரஞ்சித் அண்ணனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். "காலம் மாறிடுச்சு கண்ணு. நீ அங்கயே கத்துக்க. மிக்ஸியே ஓட்டு" என்றார். சிரிக்க முயற்சி செய்தார். அம்மா பெருமூச்சு விட்டு, "நல்லதாப் போச்சுங்க" என்றாள், மெதுவாக.

இத்தனை சுலபமாகச் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் கேலி செய்தவர், அதே ரஞ்சித்திடம் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அது அப்பாவுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான் அதைப் பொறுத்துக்கொண்டார் என்று முதலில் அழுகை வந்தது.

சாயங்காலம் ஒரு அம்மா தன் மகளைச் சேர்க்க வந்தார். நர்ஸிங் படிக்கிற பெண், பெயர் தீட்சா. அந்த அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஒரே பொண்ணுங்க அண்ணா. பயந்த புள்ள. பாத்துக் கத்துக்குடுங்க."

"கவலையே படாதீங்க" என்றார் அப்பா. "என்ற பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

நான் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகுதான் குழாயை மூடினேன்.

அப்பா தன் பெண்ணை அந்த சீட்டில் ஏற்ற மாட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் என்னை ரஞ்சித்திடம் அனுப்புகிறார். தீட்சாவை ஏற்றுவார். நானும் அதைத்தான் செய்தேன். நான் அந்த வண்டியில் கற்றுக்கொள்ளாமல் தப்பித்துக்கொண்டால் போதும் என்று ஆட்டோமேட்டிக் கேட்டேன். கிளட்சுப் பயம் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என்னை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, மற்றவர்களை உள்ளே விட்டுவிட்டேன்.

ஜூலை 31

டியூஷனுக்குப் போகாமல் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். கோகிலவாணி அக்கா பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். வேன் ஓரமாக நின்றது, மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது.

உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

"நான் பொய் சொன்னனுங்க்கா. நீங்க பிரேக்க விடல. அப்பா காலுதான் பிரேக்குல இல்ல. அவருக்குப் பாதத்துல உணர்ச்சி இல்லீங்க்கா. ஹேண்ட் பிரேக்க இழுத்தது நீங்கதான். நீங்கதான் நிறுத்துனீங்க."

அவர் கையில் இருந்த பை மெல்லச் சாய்ந்து மண் கொட்டியது.

"நானா நிறுத்துனேன்?"

"நீங்கதானுங்க்கா."

"நானா?" என்று மறுபடியும் கேட்டார். சிரித்தார், அதோடு கண்ணீரும் வந்தது. அடுத்து முகம் மாறியது. அதற்காகத்தான் நான் இத்தனை நாள் பயந்தேன்.

"அப்ப இத்தன நாளா நான் என்ற காலத் திட்டிட்டிருந்தேன். என்ற ஊட்டுக்காரரு வேன வாங்க ஆளுப் பாத்துட்டாரு. ரங்கண்ணன் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு. நீ அங்க நின்னுட்டு ஆமான்னு சொன்ன."

"ஆமாங்க்கா."

"இப்பவும் அதே ஆமாதான் சொல்ற."

திட்டட்டும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"உங்க அப்பா நல்ல மனுசன். எனக்கு ஸ்டேரிங் புடிக்கக் கத்துக்குடுத்தவரு. அவரு வாயாலயே அத எனக்குச் சொல்லோணும். எனக்கு மட்டுமில்ல, என்ற ஊட்டுக்காரருக்கும். நான் வந்து கேட்டா சண்டையாயிரும். நீ அவருகிட்டச் சொல்லு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல அந்த வண்டியில யாரையும் ஏத்தறதப் பாத்துட்டுச் சும்மா இருக்க மாட்டேன். அது வாய்க்கா, கண்ணு. தண்ணி போற வாய்க்கா."

நாளை மறுநாள்தான் ஞாயிறு. அதுதான் என் பிறந்தநாள்.

ஆகஸ்ட் 1

எழுத்து கோணலாக வரும்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ரஞ்சித்துகிட்டச் சொல்லிட்டேன். திங்கக்கெழமையிலிருந்து போறயா கண்ணு?"

"இல்லீங்ப்பா. நான் கியர் வண்டியே கத்துக்கறேன்."

அம்மாவின் கரண்டி நின்றது.

"உங்ககிட்டயேதானுங்ப்பா. வாய்க்கா பாலத்து மேட்டுலயே மொத வகுப்பு வெச்சுக்கலாம். தீட்சாவுக்கு முன்னாடி எனக்கு."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா, உடனே. கேட்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்ப்பா?"

அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டி இப்படிப் பண்ற?" என்றாள். ஏன் பண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் குரல் அப்படி இருந்தது.

நான் அறைக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் கதவு திறக்கும் சத்தம். ஜன்னலில் பார்த்தேன். காரின் பின்பக்கம் என் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. தெருவிளக்கு எரியவில்லை. அப்பா இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அம்மா காருக்குப் பின்னால் வந்து நின்றாள். மெக்கானிக் கடையில் பிரேக் லைட் பார்க்கிற மாதிரி. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் எரிகிறதா என்று சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டு பிரேக்கை மிதித்தாலும் பின்விளக்கு எரியும்.

"அமுத்தறேன். எரியுதா?"

சிவப்பாக எரிந்தது. அம்மாவின் புடவையெல்லாம் சிவப்பு.

"எரியுதுங்க."

"இப்ப?"

"எரியுதுங்க."

"இரு, இப்ப வேகமா அமுத்திப் பாக்கறேன். குறுக்க ஆடு வந்தா எப்படி அமுத்துவனோ அப்படி."

தொம் என்று ஒரு சத்தம். கால் தரையில் இறங்கிய சத்தம். விளக்கு எரியவில்லை.

அம்மா இருட்டில் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுதுங்க" என்றாள்.

"இன்னொரு தடவை." தொம். இருட்டு. "இப்ப?"

"எரியுதுங்க." அழுதுகொண்டே சொன்னாள், குரலில் மட்டும் அழுகை வராமல்.

"பாத்தயா" என்றார் அப்பா. "நல்லாத்தான இருக்குது!" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. நாளை மறுநாள் காலையில் தீட்சா அந்த ஸ்டேரிங்கைப் பிடிப்பாள்.

ஜன்னலை முழுசாகத் திறந்தேன்.

"எரியலீங்ப்பா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பா காரின் உள்ளேயிருந்து, "என்ன கண்ணு?" என்றார்.

"கடைசி ரெண்டு தடவையும் எரியல. அன்னிக்குப் பாலத்துலயும் எரியலீங்ப்பா. கோகிலவாணி அக்காதான் நிறுத்துனாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா அழுகிற சத்தம் கேட்கிறது. இப்போது சத்தமாகவே அழுகிறாள். கார் கதவு சாத்துகிறது. அப்பா திட்டினால்கூடப் பரவாயில்லை. கார் சாவியை ஆணியில் மாட்டுகிற சத்தம். தண்ணீர் குடிக்கிறார். நடந்து வருகிறார்.

கதவைத் தட்டுகிறார். அம்மா என்றால் தட்டாமல் திறந்திருப்பாள். "கண்ணு," என்கிறார், "அந்த நாத்துப் பண்ணை அம்மிணி வூடு எங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"